ஏற்காட்டு வீட்டில் குழாயைத் தொட்டால் சுர்ரென்கிறது

அம்மா தனியாக இருக்கும் பழைய வீடு. மழை பிடித்தாலே குளியலறைக் குழாயில் ஷாக். அம்மாவுக்கு இடிதான் பயம், எனக்குக் கீசர். எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்) இருக்கிறது, போதுமா?

பதில் (அஸ்தம்பட்டி, வயரிங் வேலை): போதாதுங்க. எம்.சி.பி. வயரைத்தான் காக்கும். 16 ஆம்பியர் எம்.சி.பி. விழ அதற்கு மேல் கரண்ட் ஓட வேண்டும்; மனித உயிருக்கு 0.1 ஆம்பியரே அதிகம். 30 மில்லி ஆம்பியர் (0.03 ஆம்பியர்) கசிந்தாலே கரண்டைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் போடுங்கள், மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். அதுவரை கீசர் வேண்டாம்.

பதில் (நாகலூர்): கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த்தையும் பாருங்கள். மலையில் பாறை அதிகம், எர்த் சரியாகப் பிடிக்காது. எங்கள் வீட்டில் எர்த் குழி இருந்தது, கம்பி துருப்பிடித்து அறுந்து கிடந்தது!

கேட்டவர்: அம்மாவிடம் பேசிவிட்டேன். மெயினை அணைத்துவிட்டுக் கீசர் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். இப்போதைக்கு விறகடுப்பில்தான் வெந்நீர். சனிக்கிழமை எலக்ட்ரீஷியனோடு மலையேறுகிறேன்.