எலுமிச்சை அடித்தண்டில் பிசின் வடிகிறது, மரம் தேறுமா?

கல்லல் தோட்டக்காரன்:
கல்லல் பக்கம் செம்மண் காடு. எலுமிச்சை வைத்து ஏழெட்டு வருஷம் இருக்கும். ஐப்பசி மழை விட்டதும் சில மரங்களில் அடிப்பட்டை வெடித்துத் தேன் நிறத்தில் பிசின் வடிகிறது. இலையில் நடுநரம்பு மஞ்சளாகி அப்புறம் உதிர்கிறது. ஒரு மரம் கொத்துக் கொத்தாகக் காய்த்துவிட்டு அப்படியே காய்ந்துபோனது. உரக்கடையில் கொடுத்ததை வேரில் ஊற்றினேன், கேட்கவில்லை. இடையில் வாழை இருக்கிறது, அதற்குப் பாய்கிற தண்ணீர்தான் எலுமிச்சைக்கும். இயற்கையாக வழி உண்டா?

செம்மண் அண்ணாச்சி:
தம்பி, காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள்: வாழைத் தண்ணீர். இது பைட்டோப்தோரா, பட்டையையும் வேரையும் அழுகவைக்கிற பூஞ்சை மாதிரிக் கிருமி. தேங்கின தண்ணீரில் இதன் வித்துகள் நீந்தியே பரவும். வாழைக்கு ஆசைப்பட்டு எலுமிச்சையை விட்டவர்கள் நம் பக்கம் நிறைய.

மரத்தடியில் மண்ணைக் கிளறி ஒரு சல்லிவேரை இரண்டு விரலால் உருவிப் பாருங்கள். தோல் உறை மாதிரிக் கழன்று உள்ளே நூல் மட்டும் நின்றால் வேரும் அழுகுகிறது. சுற்றிலும் பட்டை போன மரத்தில் காசைப் போடாதீர்கள்.

மற்ற மரங்களில் நல்ல பட்டை தெரியும்வரை சீவி, சீவலைக் கொளுத்திவிடுங்கள். 1 கிலோ மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) 5 லிட்டர் தண்ணீரிலும், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பை 5 லிட்டரிலும் தனித்தனி பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, இரண்டையும் மூன்றாவது வாளியில் சேர்த்து ஊற்றுங்கள். இதுதான் போர்டோ பசை. தீட்டின அரிவாளைக் கொஞ்ச நேரம் முக்கி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம். வெள்ளையடிக்கிற பாக்கெட் சுண்ணாம்பு வேண்டாம், சுட்ட கல்லே வாங்குங்கள். கலக்கின அன்றைக்கே தரையிலிருந்து இரண்டடி உயரம் பூசிவிட வேண்டும். மழைக்கு முன்னால் ஒரு தடவை, விட்டபின் ஒரு தடவை.

பூச்சு பாதி வேலைதான். தண்டைச் சுற்றி வட்டமாக ஒரு வரப்பு, அதற்கு வெளியே இன்னொரு வரப்பு. இரண்டுக்கும் நடுவில்தான் தண்ணீர் நிற்க வேண்டும், தண்டில் படவே கூடாது. டிரைக்கோடெர்மா என்கிற நல்ல பூஞ்சையைத் தொழுவுரம், வேப்பம்புண்ணாக்கோடு கலந்து நிழலில் ஈரம் காயாமல் வைத்திருந்து அந்த வட்டத்தில் போடுங்கள். அதே இடத்தில் மயில்துத்தத்தை ஊற்றினால் டிரைக்கோடெர்மாவுக்கும் ஆகாது.

கல்லல் தோட்டக்காரன்:
ரொம்ப நன்றி அண்ணே. வாழை குலை தள்ளியிருக்கிறதே?

செம்மண் அண்ணாச்சி:
குலை வெட்டுகிறவரை இருக்கட்டும், வாய்க்காலை மட்டும் இன்றைக்கே பிரித்துவிடுங்கள். பக்கக்கன்றை விட்டு மறுதாம்பு எடுக்க வேண்டாம். அந்த இடத்தில் கத்தரியும் போடாதீர்கள், இந்த நோய் அதையும் பிடிக்கும். சந்தேகம் இருந்தால் வேரோடு கொஞ்சம் மண்ணும் எடுத்துக்கொண்டு குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டுங்கள்.

தேவகோட்டை ஆச்சி:
எங்கள் வளவுக்குப் பின்னால் நார்த்தை மரத்திலும் பிசின் வருகிறது. ஆனால் தண்டில் ஓட்டை இருக்கிறது, அடியில் மரத்தூள் கொட்டுகிறது. அதற்கும் போர்டோ பூசலாமா?

செம்மண் அண்ணாச்சி:
அது தண்டுத்துளைப்பான் ஆச்சி, வேறு வியாதி. சைக்கிள் கம்பியை உள்ளே விட்டுப் புழுவைக் குத்தி எடுத்து, ஓட்டையைக் களிமண்ணால் அடைத்துவிடுங்கள். போர்டோ அந்தப் புழுவை ஒன்றும் செய்யாது.