கோதுமை ஒவ்வாமையா, சீலியாக்கா?

கேள்வி: ஒன்றரை வயதுக் குழந்தை. ரவை, சேமியா கொடுக்கத் தொடங்கிய சில மாதங்களில் வயிறு உப்பல், நாற்றமெடுக்கும் இளகிய மலம், எடையும் ஏறவில்லை. கோதுமையை நிறுத்திவிடலாமா?

பதில் 1: இப்போதே நிறுத்தாதீங்க. சீலியாக்காக இருக்கலாம்; கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் உடலின் எதிர்ப்பு சக்தியே சிறுகுடலைத் தாக்கும் நோய் அது. நிறுத்தினால் ரத்தத்தில் எதிர்ப்பொருள் குறைந்து, நோய் இருந்தும் இல்லை என்று காட்டலாம். குழந்தை மருத்துவரிடம் டிடிஜி-ஐஜிஏ (சீலியாக்கைக் காட்டும் எதிர்ப்பொருளுக்கான ரத்தப் பரிசோதனை), கூடவே மொத்த ஐஜிஏ (அந்த வகை எதிர்ப்பொருளின் மொத்த அளவு) கேளுங்க. மொத்த ஐஜிஏ குறைவாக இருந்தால் முதல் முடிவை நம்ப முடியாது.

பதில் 2: பேதி மட்டும்தான் அறிகுறி என்றில்லை, மலச்சிக்கலும் வரும். இரும்புச்சத்து மருந்துக்கும் சரியாகாத ரத்தசோகை, மெலிந்த பிட்டம், ஓயாத சிணுங்கல், உயரம் நின்றுபோவது எல்லாம் கவனிக்கணும்.

பதில் 3: நோய் உறுதியானால் கோதுமையோடு, மால்ட் (முளைகட்டிய பார்லி) சேர்ந்த சத்துமாவு பானம், கூட்டுப் பெருங்காயம் (பெரும்பாலும் மைதா கலந்திருக்கும்) இரண்டையும் நிறுத்த மறக்காதீங்க. விடாத வாந்தி, சோர்வு என்றால் உடனே மருத்துவமனை.