மேலத்தெரு வீட்டார் குழு: அரசியின் படிப்பு

சேகர்: அனைவருக்கும் வணக்கம். அரசியின் படிப்பைப் பற்றி இரண்டு நாளில் முடிவு சொல்ல வேண்டியிருப்பதால் இங்கே எழுதுகிறேன். வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் அனுப்பும் ஓர் அலுவலகத்துக்கு இன்று தஞ்சாவூர் போய்வந்தோம். பெரியவர்களையும் குழந்தைகளையும் சேர்த்துக் கவனிக்கும் செவிலியர் பட்டம் இங்கிலாந்தில் இருக்கிறதாம். மூன்று வருடத்தில் முடிந்துவிடுமாம். நம் ஊரில் படித்துவிட்டுப் போகிறவர்களுக்கு அங்கே பெரியவர்கள் வார்டு மட்டும்தானாம். திங்கட்கிழமைக்குள் முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். விளம்பரத் தாளைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறேன்.

உமா: முன்பணம் எவ்வளவு?

சேகர்: ஒன்றரை இலட்சம்.

உமா: அடேயப்பா.

பாஸ்கர்: வெண்ணாற்றில் தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது என்று யாருக்காவது தெரியுமா? நாற்றங்காலுக்கு ஆள் சொல்ல வேண்டும்.

மகாலிங்கம்: மாப்பிள்ளை, தண்ணீர் விஷயத்தை வயல் குழுவில் கேளுங்கள். இது பிள்ளையின் எதிர்காலம். கட்டைவிரல் படம் போட்டுவிட்டு நழுவாமல், ஒவ்வொருவரும் கருத்தை முழு வாக்கியமாக, பிழையில்லாத தமிழில் எழுத வேண்டும் என்று குழுவின் நிர்வாகி என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன். வித்யா, இங்கிலாந்தில் செவிலியராக இருப்பவள் நீ; பணி முடிந்ததும் எழுது.

பிரபு: தலைமையாசிரியர் ஓய்வு பெற்றாலும் பிரம்பு ஓய்வு பெறவில்லை.

மல்லிகா: பிரபு, வாயை மூடு.

வித்யா: சித்தப்பா, இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன், தாளைப் பார்த்தேன். பாதி உண்மை, மீதி விற்பனைப் பேச்சு. உண்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டில் செவிலியர் பட்டத்தில் சேரும்போதே பெரியவர்கள், குழந்தைகள், மனநலம், கற்றல் குறைபாடு உடையோர் என்ற நான்கு துறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். படித்து முடித்ததும் செவிலியர் மன்றமான என்.எம்.சி. அந்தத் துறையின் பெயரிலேயே பதிவு செய்யும். வேலைக்கு ஆள் எடுக்கும்போதும் பெரும்பாலும் அந்தப் பதிவைத்தான் கேட்பார்கள். இரண்டு துறையிலும் பதிவு வேண்டும் என்பவர்களுக்காகச் சில பல்கலைக்கழகங்கள் இரு துறைப் பட்டம் நடத்துவது உண்மை. ஆனால் அது பெரும்பாலும் நான்கு வருடம் படித்து முதுநிலைப் பட்டத்தோடு வெளியே வரும் படிப்பு. மூன்று வருடத்தில் இரண்டும் என்று எழுதியிருந்தால், எந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் படிப்பு என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். மன்றம் அங்கீகரித்த படிப்புகளின் பட்டியல் அதன் இணையதளத்திலேயே இருக்கிறது. அதில் அந்தப் பெயர் இல்லாவிட்டால் அதைப் படித்தவர் செவிலியராகப் பதிவு செய்ய முடியாது.

அரசி: அக்கா, அந்தத் தாளில் பல்கலைக்கழகத்தின் பெயரே இல்லை. ஒரு கட்டடத்தின் படம் மட்டும் இருக்கிறது.

உமா: கட்டடம் அழகாக இருக்கிறது.

சேகர்: பெயரைப் பணம் கட்டிய பிறகுதான் சொல்வார்களாம். படிக்கும்போதே உதவித்தொகை வரும், பகுதிநேர வேலை பார்த்தே கட்டணத்தைக் கட்டிவிடலாம் என்றும் சொன்னார்கள்.

வித்யா: சித்தப்பா, வருடத்துக்கு 5000 பவுண்டு உதவித்தொகை இருக்கத்தான் செய்கிறது, அது உள்நாட்டு மாணவர்களுக்கானது, மாணவர் விசாவில் வருகிறவர்களுக்குக் கிடையாது. படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வெளியே வேலை செய்யலாம் என்பதும் சரிதான். ஆனால் ஒரு துறைப் பட்டத்துக்கே மொத்தம் 4600 மணி நேரம் கணக்கு. அதில் பாதியான 2300 மணி நேரத்தை வார்டுகளில் பயிற்சியாகக் கழிக்க வேண்டும். அதற்குச் சம்பளம் இல்லை. காலை ஏழு மணிக்கு வார்டில் நுழையும் மாணவி இரவு எட்டுக்குப் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறாள். அவள் எப்போது கடைக்குப் போய் வேலை செய்து, எப்போது கட்டுரை எழுதி, எப்போது தூங்குவாள் என்பதை அந்த அலுவலகத்தில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. வெளிநாட்டு மாணவர்களுக்கான கல்விக் கட்டணத்தை நான்கு வருடத்துக்கும் பெருக்கிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

சேகர்: பெருக்கிப் பார்த்தேன். கீழவெளியில் இருக்கும் ஆறு மா நிலத்தையும் வங்கியில் அடகு வைத்தால்தான் முடியும்.

பிரபு: அதில் என் பங்கும் இருக்கிறது என்பதை நினைவூட்டுகிறேன்.

மகாலிங்கம்: யாருடைய பங்கும் இன்னும் இல்லை. பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாகவில்லை. அதைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

செல்வி: மூன்று வருடமாக அதைப் பற்றி எங்கேயும்தான் பேச வேண்டாம் என்கிறீர்கள், அண்ணா.

உமா: எனக்கு ஒரு சந்தேகம். பெரியவர்களுக்கு வேறு, குழந்தைகளுக்கு வேறு என்று எதற்காகப் பிரிக்கிறார்கள்? குழந்தை என்றால் பாதி மாத்திரை, அவ்வளவுதானே?

செல்வி: பாதி மாத்திரை என்ற அந்தப் பேச்சைக் கேட்டால் நர்சான எனக்கு இன்றும் வயிற்றைக் கலக்கும், உமா. குழந்தைக்குப் பாராசிட்டமால் ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம் என்று கணக்கு; எட்டுக் கிலோ குழந்தைக்கு 120 மில்லிகிராம். ஐந்து மில்லிக்கு 125 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் ஐந்து மில்லிக்குச் சற்றுக் குறைவு. அதே கடையில் 250 போட்ட சிரப்பைக் கொடுத்தனுப்பிவிட்டால் அதில் பாதிதான் ஊற்ற வேண்டும். இரண்டு புட்டியும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். அம்மாக்காரி பழைய அளவையே ஊற்றிக்கொண்டிருப்பாள். பெரியவருக்கு 500 மாத்திரை ஒன்று என்று கையில் வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடலாம். குழந்தைகள் வார்டில் முதலில் எடை, பிறகு கணக்கு, பிறகு இன்னொரு செவிலியர் அந்தக் கணக்கைச் சரிபார்ப்பது, அதன் பிறகுதான் ஊசியில் மருந்து. ஊசி குத்த நரம்பு தேடுவது தனிக் கதை. நரம்பில் செருகும் சிறு குழாயான கேனுலாவுக்கு அளவுக்கு ஒரு நிறம்; பெரியவருக்குப் பச்சை, இளஞ்சிவப்பு. பச்சைக் குழந்தைக்கு மஞ்சள் கேனுலா போகவே படாதபாடு.

வித்யா: அத்தை சொன்னதோடு மூச்சையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரியவருக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு இயல்பு. இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40 என்ற எண்ணைத் தொட்டால்தான் வேகமான மூச்சு என்று கணக்கு. அழாமல் இருக்கும் நேரம் பார்த்து, சட்டையைத் தூக்கிவிட்டு, ஒரு நிமிடம் முழுவதும் எண்ண வேண்டும். குழந்தை கடைசிவரை தாக்குப்பிடித்துவிட்டுச் சட்டென்று சாய்ந்துவிடும் என்பதால் இந்த எண்ணிக்கை அவ்வளவு முக்கியம். இங்கே என் வார்டுக்குப் பயிற்சிக்கு வரும் இரு துறை மாணவிகளைப் பார்க்கிறேன். குழந்தைகள் பக்கம் இருந்துவிட்டு வந்தவள் எண்பது வயதுக்காரரிடம் பேச வேண்டியதை அருகில் நிற்கும் மகளிடம் பேசுவாள். அங்கே பெற்றோரிடம் பேசிப் பழகிய வாய் அது. மறதி நோய் இருந்தாலும் அவரிடமே கேட்க வேண்டும் என்பது பிடிபடச் சில வாரம் ஆகும்.

பாஸ்கர்: அருமையான விளக்கம். நானும் பல நேரம் மகளிடம்தான் பேசுகிறேன்.

மல்லிகா: இதெல்லாம் சரி, வித்யா. இங்கேயே படித்தால் குழந்தைகளைப் பற்றிச் சொல்லித்தர மாட்டார்களா? அந்த அலுவலகத்துப் பெண் அப்படித்தான் சொன்னாள்.

வித்யா: சித்தி, அதுதான் விற்பனைப் பேச்சு. நம் நாட்டு பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடம், எட்டுப் பருவம். மூன்றாம், நான்காம் பருவங்களில் பெரியவர்கள் நலம்; ஐந்தாம், ஆறாம் பருவங்களில் குழந்தைகள் நலமும் மனநலமும்; ஆறிலும் ஏழிலும் மகப்பேறு; இடையில் சமுதாய நலம்; எட்டாம் பருவம் முழுவதும் வார்டு வார்டாக உள்ளிருப்புப் பயிற்சி. கட்டாயப் பாடமாக எல்லோரும் எல்லாவற்றையும் படித்துத்தான் ஆக வேண்டும். அங்கே பிரித்து வைத்த இரண்டைத்தான் இரு துறைப் பட்டத்தில் மறுபடியும் சேர்க்கிறார்கள்; நாம் பிரிக்கவே இல்லை. ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. இங்கே படித்தவர் பிறகு அந்த நாட்டுக்குப் போனால் ஒரு துறையில்தான் விண்ணப்பித்துப் பதிவு செய்ய வேண்டும். ஆங்கிலத் தேர்வு, கணினித் தேர்வு, பத்து நிலையங்கள் கொண்ட செய்முறைத் தேர்வு எல்லாம் உண்டு. நான் பெரியவர்கள் துறையில்தான் பதிந்திருக்கிறேன். குழந்தைகள் துறைக்குப் போகிறவள் இங்கேயே குழந்தைகள் வார்டில் சில வருடம் வேலை பார்த்திருந்தால் அந்தத் தேர்வில் தடுமாற மாட்டாள். அதனால் அந்த அலுவலகம் சொன்னது முழுப் பொய்யும் அல்ல.

சேகர்: நீயே பாதிக் கதவைத் திறந்து வைக்கிறாயே, அம்மா. அப்படியானால் அங்கேயே படித்துவிட்டால் என்ன?

செல்வி: ஆறு மா, தம்பி. ஆறு மா.

பிரபு: அப்பாயி பேசச் சொல்லித் தட்டச்சு செய்கிறேன்: "பிள்ளையை ராத்திரி வேலைக்கு அனுப்பினால் யார் கட்டிக்கொள்வார்கள் என்று கேள்."

செல்வி: அம்மாவிடம் சொல், பிரபு. 1984-இல் இதே கேள்வியைத்தான் இதே வீட்டில் கேட்டார்கள். கல்யாணமாகாத பெண் வெள்ளைச் சேலை கட்டக் கூடாது, நர்சாகப் போனால் வாசலில் கால் வைக்காதே என்று பெரிய அண்ணன் சொன்னார். அப்புறம் அப்பா படுக்கையில் விழுந்தபோது, சிறுநீர்க் குழாய் அடைத்துக்கொண்ட இரவு இரண்டு மணிக்கு எந்த வீட்டுக் கதவைத் தட்டினார் என்று அவரையே கேள்.

மகாலிங்கம்: செல்வி, பழைய கதைகளை எடுக்க இது இடமல்ல. என் மகளையே இந்தப் படிப்பில் சேர்த்தேன் என்பதை நீ கவனிக்க வேண்டும்.

செல்வி: கவனித்தேன். நீங்கள் விண்ணப்பம் வாங்க வந்தபோது பூர்த்தி செய்து கொடுத்தவளே நான்தானே.

பாஸ்கர்: இந்த இடத்தில் நான் ஒரு கட்டைவிரல் படம் போட அனுமதி வேண்டும்.

வித்யா: அப்பா, அத்தை, இரண்டு பேரும் தனியாகத் தொலைபேசியில் பேசிக்கொள்ளுங்கள். சித்தி, இங்கே கல்லூரி தேடும்போது மூன்று விஷயம் பாருங்கள். எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் இணைந்ததா, இந்திய செவிலியர் மன்றத்தின் பட்டியலில் இருக்கிறதா என்பது முதலாவது. கல்லூரிக்குச் சொந்த மருத்துவமனை உண்டா, அதில் குழந்தைகள் வார்டு நிறைந்து ஓடுகிறதா அல்லது ஆய்வுக்கு வருகிறவர்களுக்காக விரித்துவைத்த கட்டில்களா என்பது இரண்டாவது. மூன்றாவதை அத்தை சொல்வார்.

செல்வி: மாணவர்களைக் குழந்தைகள் பிரிவுக்கு எங்கே அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள். தஞ்சாவூர் இராசா மிராசுதார் மருத்துவமனைபோல் பிரசவமும் பச்சைக் குழந்தைகளுமாக நெரியும் இடத்தில் ஒரு மாதம் நின்றால், புத்தகத்தில் ஒரு வருடம் படிக்கிறது கண்ணெதிரே நடக்கும். பிரசவம் பார்த்துக் குழந்தையைத் தாயின் நெஞ்சில் தோலோடு தோலாகக் கட்டிவைக்கக் கற்றவளுக்குப் பெரியவர் வேறு, குழந்தை வேறு என்று தோன்றாது. கட்டிலில் இருப்பது இரண்டு நோயாளிகள், பார்க்கிறது ஒருத்தி.

சேகர்: அரசுக் கலந்தாய்வில் இடம் கிடைக்குமா என்பதுதான் என் பயம். தனியார் கல்லூரிக்குப் போனால் அங்கேயும் இலட்சம்தான்.

வித்யா: கலந்தாய்வு பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துத்தான் நடக்கும். அரசி உயிரியல் படித்தவள், மதிப்பெண்ணும் மோசமில்லை. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாயும் வரும்.

அரசி: பெரியப்பா, முழு வாக்கியமாகவே எழுதுகிறேன். எனக்குக் குழந்தைகள் வார்டில்தான் வேலை செய்ய ஆசை. ஆனால் அத்தை வீட்டில் தாத்தாவைப் புரட்டிப் படுக்கவைத்து, முதுகில் புண் வராமல் துடைத்த நாட்களில் நான்தான் கிண்ணம் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த வேலையும் எனக்குப் பிடித்தது. அதனால்தான் இரண்டும் சேர்ந்த பட்டம் என்றதும் அந்தத் தாளைக் கையில் வாங்கினேன். இரண்டும் இங்கேயே படிக்கலாம் என்றால் நான் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கிறேன். ஒன்றரை இலட்சத்தைத் திங்கட்கிழமை கட்ட வேண்டாம் என்று அப்பாவிடம் யாராவது சொல்லுங்கள். நான் சொன்னால் கோபப்படுகிறார்.

சேகர்: நான் எப்போது கோபப்பட்டேன்?

மல்லிகா: இப்போது.

மகாலிங்கம்: சேகர், திங்கட்கிழமை நானும் உன்னோடு தஞ்சாவூர் வருகிறேன். பல்கலைக்கழகத்தின் பெயர், மன்றத்தின் அங்கீகாரம், எத்தனை வருடம், முன்பணம் திரும்பி வருமா என்ற நான்கையும் எழுத்தில் கேட்போம். எழுதித் தந்தால் யோசிப்போம்.

சேகர்: எழுதித் தந்துவிட்டால் கட்டலாமா, அண்ணா?

மகாலிங்கம்: யோசிப்போம் என்றுதான் எழுதியிருக்கிறேன்.

உமா: விண்ணப்பத்துக்குச் சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் எல்லாம் கேட்பார்களே. தயாராக இருக்கிறதா?

வித்யா: பிரபு பட்டம் வாங்கவில்லையா? அப்படியென்றால் முதல் பட்டதாரிச் சலுகை கிடைக்காதே.

மல்லிகா: அவனுக்கு இன்னும் இரண்டு தாள் பாக்கி இருக்கிறது.

பிரபு: தங்கைக்காக நான் செய்த தியாகத்தை இந்தக் குடும்பம் இன்றாவது புரிந்துகொண்டால் சரி.

மல்லிகா: சாதிச் சான்றிதழ் மரப் பீரோவில் இருக்கிறது. சாவி அப்பாயியிடம்.

பிரபு: அரசி வெளிநாடு போவாளா மாட்டாளா என்று தெரிந்தால்தான் சாவி தருவாராம்.

உமா: எப்படியும் இ-சேவை மையம் காலை பத்து மணிக்குத்தான் திறக்கும். வரும்போது அரசியின் புகைப்படம் இரண்டு எடுத்து வாருங்கள்; போன தடவை அதற்காகவே திரும்பி வந்தோம்.