எண்ணூர் கழிமுகத்தை அளக்க 30 செ.மீ. செயற்கைக்கோள் படம் வாங்கணுமா?

முகத்துவாரம்_24:
கொசஸ்தலை ஆத்து முகத்துவாரத்துலேர்ந்து அத்திப்பட்டு வரைக்கும் சுமார் 24 ச.கி.மீ. அனல்மின் நிலையச் சாம்பல் படிஞ்சு மேடான இடம், சுருங்கின ஓடை, அலையாத்திப் பரப்பு மூணையும் 2019-லேர்ந்து வருஷவாரியா அளக்கணும். மீனவர் சங்கத்துக்காக, அதனால கையில காசு கம்மி. இப்போ ஒரு பிக்சல் (படப்புள்ளி) தரையில 30 செ.மீ. காட்டுற செயற்கைக்கோளா வரிசையா மேல போகுதே, அந்தப் படத்தை வாங்கறதா, ஐரோப்பாவோட இலவச சென்டினல்-2 (10 மீட்டர் பிக்சல்) போதுமா? ஒரு விற்பனையாளர் ‘15 செ.மீ. எச்டி’னும் விலை சொல்றார்.

பட்டை_எட்டு:
15 செ.மீ.யை விடுங்கண்ணா. 30 செ.மீ. படத்தை மென்பொருள்ல பெருசாக்கித் தீட்டினது அது. கேமரா பார்க்காத எதுவும் அதுல புதுசா வராது. அந்த 30 செ.மீ. செயற்கைக்கோள்ல ஒண்ணான வேர்ல்ட்வியூ-3 617 கி.மீ. உயரத்துல 1.1 மீட்டர் கண்ணாடியோட சுத்துது. நேர்கீழே பார்த்தா 31 செ.மீ., 20 டிகிரி சாய்ஞ்சா 34. அதுவும் கறுப்பு வெள்ளையில. நிறப்பட்டைகள் 1.24 மீட்டர்தான்.

பரப்பளவுக்கு சென்டினல்-2 போதும். ஓடை 3 பிக்சல், அதாவது 30 மீட்டர் அகலமாவது இருந்தா கணக்கை நம்பலாம். அதுக்குக் கீழே உள்ளதுக்கு மட்டும் காசு செலவு பண்ணுங்க.

வழக்கமா சறுக்குற இடம் ரெண்டு. 2022 ஜனவரி 25-க்கு அப்புறம் வந்த சென்டினல்-2 தரவுல ஒவ்வொரு பிக்சலுக்கும் 1000 கூட்டியிருக்கும். அதைக் கழிக்காம முன்னது பின்னதை ஒப்பிட்டா, நடக்காத மாற்றமெல்லாம் நடந்ததா தெரியும். கூகுள் எர்த் எஞ்சின் தளத்துல, இதைச் சரிபண்ணி வச்சிருக்கிற ‘ஹார்மனைஸ்டு’ தொகுப்பை எடுத்தா இந்தத் தொல்லை இல்லை. அடுத்தது, சாம்பல் கலந்த தண்ணி. கலங்கல் அண்மை அகச்சிவப்பை எதிரொளிக்கும். அதனால 3 (பச்சை), 8 (அண்மை அகச்சிவப்பு)-ம் பட்டை வச்சு தண்ணியைப் பிரிச்சுக் காட்டப் போடுற நீர்க் குறியீடு அதை நிலம்னு சொல்லிடும். 8-க்குப் பதிலா 11-ம் பட்டை (குற்றலை அகச்சிவப்பு) போடுங்க. அது 20 மீட்டர், பரவாயில்லை.

காய்ஞ்ச சாம்பலும் உப்பளமும் வெயில்ல ஒரே மாதிரி வெளுத்துத் தெரியும். உப்பளத்தை முன்கூட்டியே எல்லை வரைஞ்சு வெட்டி எடுத்துடுங்க.

ஏற்றவற்றம்:
பிக்சலை விட நீர்மட்டம்தான் இங்கே பெரிய வில்லங்கம். சேற்றுத்திட்டு 100 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவு என்று வையுங்கள்; நீர் 30 செ.மீ. ஏறினால் கரைக்கோடு 30 மீட்டர் நகரும். கடல்நீர் இறங்கிய வற்றத்தில் எடுத்த படத்தையும் ஏறிய ஏற்றத்தில் எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்துவிட்டு ‘இவ்வளவு ஏக்கர் மேடாகிவிட்டது’ என்று மனுக் கொடுத்தால், எதிர்த்தரப்பு ஒரே கேள்வியில் தள்ளிவிடும்.

துறைமுகத்தின் ஏற்றவற்ற அட்டவணை மட்டும் போதாது. மணல் சேர்ந்து முகத்துவாரம் அடைத்துக்கொண்டால் உள்ளே நீர் கடலோடு சேர்ந்து ஏறி இறங்காது. சென்டினல்-2 இந்தப் பக்கம் கடப்பது காலை 10.40 வாக்கில். காட்டுக்குப்பம் பக்கம் 5 செ.மீ. கோடு போட்ட கம்பம் ஒன்றை நட்டு, அந்த நாட்களில் அந்த நேர அளவைக் குறித்து வையுங்கள். பழைய ஆண்டுகளுக்கு பிப்ரவரி, மார்ச் படங்களை நிறைய எடுத்து, வருடத்துக்கு ஒரு இடைநிலைப் படம் (ஒவ்வொரு பிக்சலுக்கும் அந்தப் படங்களின் நடு மதிப்பு) உருவாக்குங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மேகம். ஏப்ரலுக்கு மேல் தண்ணீரில் சூரியன் பளிச்சிடும்.

புதிய செயற்கைக்கோள்களின் பயன் கூர்மையில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. சென்டினல் போன்றவை எப்போதும் ஒரே கடிகார நேரத்தில் வருவதால், அமாவாசை, பௌர்ணமி நாட்களில் ஏறக்குறைய ஒரே நீர்மட்டத்தைத்தான் திரும்பத் திரும்பக் காட்டும். 2024 மே மாதம் ஏவத் தொடங்கிய வேர்ல்ட்வியூ லீஜியன் ஆறில் சில, சாய்ந்த சுற்றுப்பாதையில் வெவ்வேறு நேரங்களில் கடக்கின்றன. நீர் முழுதாக இறங்கிய கடைவற்றத்தில் படம் கேட்கலாம் என்பது இதனால்தான் சாத்தியம்.

முகத்துவாரம்_24:
கம்பம் நட்டுடலாம் சார். 30 செ.மீ. ஒரே ஒரு தடவை வாங்கறதா இருந்தா என்ன கேட்கணும்? எண்ணெய்ப் படலமும், ஆழம் எவ்வளவு குறைஞ்சிருக்குன்றதும் அதுல தெரியுமா?

கூர்மை_31:
பழைய படத்துக்குப் பெரும்பாலும் குறைந்தபட்சம் 25 ச.கி.மீ., புதுசா எடுக்கச் சொன்னா 100. உங்க இடம் 24, அதனால முதல்ல பழைய படத்துலேயே தேடுங்க. கலந்து தீட்டின வண்ணப்படம் வேண்டாம். கறுப்பு வெள்ளையும் நிறப்பட்டையும் தனித்தனியா, 16 பிட்ல கேளுங்க. 8 பிட் படம் பார்க்க அழகா இருக்கும், குறியீடு போட உதவாது. கேமரா சாய்வு 20 டிகிரிக்குள்ள, மேகம் 10 சதவீதத்துக்குள்ளன்னு எழுத்துல வாங்கணும். காலையில எடுக்கறதா இருந்தா செயற்கைக்கோள் கிழக்குப் பக்கமா நிக்கட்டும். மேற்கே நின்னா வெயில் தண்ணியில பட்டு நேரா கேமராவுக்குள்ள அடிக்கும். இன்-ஸ்பேஸ் (இந்திய விண்வெளி அனுமதி அமைப்பு) அனுமதி உள்ள இந்திய முகவர்தானான்னும் பார்த்துக்குங்க.

30 செ.மீ.ல சாம்பல் குழாய் உடைப்பு, கரை உடைஞ்ச இடம், சின்ன ஓடை வாய் தெரியும். ஆழம் தெரியாது, இந்தக் கலங்கல்ல எந்தக் கேமராவும் அடியைப் பார்க்காது. படகுல போய் அளவுகோல் விட்டுத்தான் பார்க்கணும். எண்ணெய்க்கு ரேடார் படம், சென்டினல்-1 இலவசம். எண்ணெய் சிற்றலையை அமுக்கறதால கறுப்பாத் தெரியும். ஆனா காத்து இல்லாத உப்பங்கழியும் அப்படியே கறுப்பாத்தான் இருக்கும், அதனால கடல் பக்கம் மட்டும் நம்புங்க.

30 செ.மீ.க்கும் சென்டினல்-2-க்கும் நடுவுல ஒண்ணு: இஸ்ரோ செயற்கைக்கோளோட லிஸ்-4 கேமரா படம், 5.8 மீட்டர். 2023 விண்வெளிக் கொள்கைப்படி 5 மீட்டரும் அதுக்கு மேலேயும் உள்ள தரவு இலவசம். இஸ்ரோவோட பூநிதி தளத்துல கணக்குத் திறந்து பாருங்க.