குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போட்டால் பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிருவாங்களா? நேரில் பார்த்தவங்க சொல்லுங்க

வேடசந்தூர்க்காரி:

இந்தக் கேள்வியைப் பலரும் கேட்பதால் எங்கள் காம்பவுண்டில் நடந்ததை எழுதுகிறேன். பக்கத்து வீட்டு அக்காவுக்கு வீட்டுக்காரர் இல்லை. ஸ்பின்னிங் மில்லில் நைட் ஷிஃப்ட். ஐந்தாவது படிக்கிற மகளும் இரண்டாவது படிக்கிற மகனும் ராத்திரியில் தனியாகத்தான் கிடப்பார்கள். ஒருநாள் அந்தப் பெண் சோறு வடிக்கும்போது கஞ்சி காலில் கொட்டிக் கொப்புளமாகிவிட்டது. நொண்டி நொண்டி பள்ளிக்கூடம் போனதைப் பார்த்து டீச்சர் விசாரித்தார், 1098-க்குச் சொல்லிவிட்டார். அக்காவுக்கு உயிரே போய்விட்டது. "ஹோம்ல போட்டுருவாங்கடி" என்று ஒரே அழுகை.

வந்தது போலீஸ் இல்லை. மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து இரண்டு பேர், ஸ்கூட்டியில். அரிசி டப்பாவைத் திறந்து பார்ப்பார்கள் என்று அக்கா பயந்தார். அவர்கள் பார்த்தது கதவின் உள்தாழ்ப்பாளை. ராத்திரி கக்கூஸுக்கு வெளியே போக வேண்டுமா, யாராவது வந்து கதவைத் தட்டுகிறார்களா என்று பெரியவளிடம் மட்டும் தனியாகக் கேட்டார்கள். இது எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு குழந்தைகள் நலக் குழு, பிள்ளை எங்கே இருக்க வேண்டும் என்று முடிவெடுப்பது இவர்கள்தான். சட்டப்படி ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள். நான் கூடப் போன அன்று எல்லோரும் இல்லை. கோர்ட் மாதிரி கூண்டெல்லாம் கிடையாது, மேசை நாற்காலிதான். "பகல் ஷிஃப்ட் கேட்டுப் பாத்தியாம்மா? உங்க அம்மா வந்து இருப்பாங்களா?" இதுதான் விசாரணை. 2015 இளைஞர் நீதிச் சட்டமே இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறது என்று அங்கிருந்த அலுவலர் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும்.

பாட்டி ஊரிலிருந்து வந்துவிட்டார். மிஷன் வாத்சல்யா என்கிற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் நிதி ஆதரவுக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். கிராமம் என்றால் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000-க்குள், மற்ற இடங்களில் 96,000-க்குள் இருக்க வேண்டும். இறப்புச் சான்று, வருமானச் சான்று, பள்ளியில் படிப்பதற்கான சான்று, ஆதார், வங்கிப் புத்தகம். வருமானச் சான்றுக்கு இ-சேவையில் போட்டு, வி.ஏ.ஓ. கையில் நின்று, ஆர்.ஐ. கையில் நின்று... அந்தக் கதை உங்களுக்கே தெரியும். பணம் மாதாமாதம் வருவதில்லை. சில மாதம் வராது, பிறகு சேர்த்து விழும். இதை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

தர்மபுரி பக்கம்:

எங்க சித்தப்பா பொண்ணு, பதினொண்ணாவது படிச்சிட்டிருந்தா. பத்திரிகை அடிக்காம கோயில்ல தாலி கட்டிரலாம்னு ஏற்பாடு. நான்தான் 1098-க்குப் பேசினேன். யார் பேசறீங்கன்னு கேட்டாங்க, சொல்ல விருப்பமில்லைன்னேன், விட்டுட்டாங்க. மறுநாள் விடியக்காலையிலேயே சமூக நல விரிவாக்க அலுவலர், ஊர்நல அலுவலர், கூட ஒரு பெண் போலீஸ்.

சித்தப்பா ஆதாரைக் காட்டினார். அதுல 18 முடிஞ்சிருந்துச்சு! விரிவாக்க அலுவலரம்மா அதைக் கையில வாங்கவே இல்லை. "ஸ்கூல் ரெக்கார்டை எடுங்க"ன்னாங்க. வயசு பார்க்கறதுல பள்ளிச் சான்றுதான் முதல்ல, அது இல்லைன்னா பிறப்புச் சான்று, அதுவும் இல்லைன்னாதான் மருத்துவப் பரிசோதனை. ஆதார் அந்த வரிசையிலேயே இல்லை. ஸ்கூல்ல பார்த்தா பொண்ணுக்கு 16. தாம்பூலத் தட்டு அப்படியே திண்ணையில கிடக்க, எழுதி வாங்கிட்டு, பொண்ணைக் குழு முன்னாடி கூட்டிட்டுப் போனாங்க. நடத்தி வச்சா 2 வருஷம் வரைக்கும் ஜெயில், 1 லட்சம் வரைக்கும் அபராதம்னு மாப்பிள்ளை வீட்டுக்கும் சொல்லிட்டுப் போனதுல அவங்களே விலகிட்டாங்க.

அவ இப்ப காலேஜ் போறா, புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 வருது. ஆனா அந்த ஒரு வருஷம் வீட்ல யாருமே அவகூட முகம் கொடுத்துப் பேசலை. தட்டுல சோத்தை வச்சுட்டு நகர்ந்துடுவாங்க. கல்யாணத்தை நிறுத்த மூணு பேர் வந்தாங்க, அதுக்கப்புறம் எப்படி இருக்கேன்னு கேட்க ஒருத்தர் ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்தாங்க. எனக்கு இதுலதான் ஆத்திரம்.

இன்னொண்ணு: தாலி ஏறிட்டா குழந்தைத் திருமணம் தானாச் செல்லாமப் போயிராது. அந்தப் பொண்ணுதான் கோர்ட்டுக்குப் போய் ரத்து கேட்கணும். 18 முடிஞ்சு ரெண்டு வருஷத்துக்குள்ள. அதனால முன்னாடியே சொல்லிடுங்க.

ஊர் பெயர் வேண்டாம்:

எல்லோரும் நல்லதாகவே சொல்கிறீர்கள். என் அனுபவம் கசப்பு. அண்ணன் குடிகாரர், அண்ணி வீட்டை விட்டுப் போய்விட்டார். பையன் பஸ் ஸ்டாண்டில் சுற்றியதைப் பார்த்துப் போலீஸ் இல்லத்தில் கொண்டுபோய் விட்டது. 24 மணி நேரத்துக்குள் குழு முன் நிறுத்த வேண்டும் என்பது விதி, அதைச் சரியாகச் செய்தார்கள். இல்லத்தில் சோற்றுக்கும் குறையில்லை. ஆனால் என் அம்மா, அவனைப் பிறந்ததிலிருந்து வளர்த்தவர், "என் பேரனைக் குடுங்க" என்று போய் நின்றால், வீட்டு ஆய்வு அறிக்கை வரட்டும் என்ற ஒரே பதில். 15 நாளில் முடிக்க வேண்டிய அறிக்கை பள்ளித் தேர்வே முடிந்த பிறகுதான் வந்தது. கேட்டால் ஆள் இல்லையாம். இருக்கிற களப் பணியாளரும் ஊர் ஊராக அலைகிறார், அவரைத் திட்டவும் மனம் வரவில்லை.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வாயால் கேட்காதீர்கள். மனுவாக எழுதிக் கொடுத்து, நகலில் தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள். நகலோடு போன பிறகுதான் எங்கள் ஃபைல் நகர்ந்தது.

ஓய்வுபெற்ற அங்கன்வாடி டீச்சர்:

ஊராட்சித் தலைவரைத் தலைவராக வைத்து ஊருக்கு ஊர் குழந்தைகள் பாதுகாப்புக் குழு இருக்கிறது. பாதி ஊரில் அது நோட்டில் கையெழுத்தோடு சரி. எங்கள் ஊரில் அந்தக் குழு ஒழுங்காக நடந்ததற்குக் காரணம், தலைவரம்மா பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தார், அவ்வளவுதான். பிள்ளை எடை திடீரென்று இறங்கினால் வீட்டில் ஏதோ நடக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். போய்ப் பார்ப்பேன். அப்பா குடியா, அம்மா படுக்கையா, அங்கேயே பேசி முடித்தது நிறைய. 1098 வரைக்கும் போனது குறைவு.

புதுசு:

அக்கா, ஒரு கேள்வி. அப்பா இறந்துட்டார், அம்மா சிறையில. பிள்ளைகள் தாத்தா வீட்ல. இவங்களுக்கு ஏதாவது உண்டா?

வேடசந்தூர்க்காரி:

உண்டு. அன்புக் கரங்கள் என்று 2025 செப்டம்பரில் தொடங்கிய திட்டம். பெற்றோர் இருவரும் இல்லாதவர்களுக்கு மட்டுமில்லை, ஒருவர் இறந்து மற்றவர் சிறையில் இருந்தாலும் பொருந்தும். 18 வயது வரை மாதம் 2,000. கலெக்டர் ஆபீஸில் குழந்தைகள் பாதுகாப்பு அலகு எங்கே என்று கேட்டுப் போங்கள். இறப்புச் சான்றோடு சிறையில் இருப்பதற்கான ஆதாரமும் கேட்பார்கள், தாத்தாவை முதலில் அதற்கு அலையச் சொல்லுங்கள்.