மணவறை டெக்கரேஷன்: மனசுல இன்னும் உறுத்துற ஒரு சம்பவம் சொல்லுங்க

பாளை அக்கா

தங்கச்சி கல்யாணம் போன தை மாசம், திருநெல்வேலி வண்ணாரப்பேட்டை பக்கம் மண்டபம். டெக்கரேஷன் 85 ஆயிரம் பேசி 40 அட்வான்ஸ் கொடுத்தாச்சு. டெக்கரேஷன்காரரு போன்ல காட்டுன போட்டோவுல மணவறைக்குப் பின்னால முழுசும் வெள்ளைப் பூ, கீழ வரிசையா ரோஸ். "இதே மாதிரி பண்ணிரலாம் மேடம்"னாரு. நிஜப் பூவான்னு நான் கேக்கல. பூன்னா பூதானே, அதுல கேக்க என்ன இருக்குன்னு இருந்துட்டேன்.

முகூர்த்தத்தன்னைக்கு காலையில 4 மணிக்கு பொண்ணுக்கு தலை பின்ன ஊக்கு எடுக்க கீழ வந்தவ அப்படியே மேடையில ஏறிப் பாத்தேன். லைட்டெல்லாம் போடல, ஒரே ஒரு டியூப்லைட்டு. தூரத்துல இருந்து பாக்க அழகாத்தான் இருந்துச்சு. கிட்ட போயி ஒரு பூவுல மூக்க வச்சேன். மழையில நனைஞ்சு காஞ்ச பாய் மாதிரி வாசம். தடவிப் பாத்தா இதழ் ஓரத்துல நூல் பிரிஞ்சு நிக்கு, ஒரு இதழ்ல யாரு வீட்டுக் கல்யாணத்துக் குங்குமமோ அப்படியே காஞ்சு ஒட்டியிருக்கு. நிஜப் பூன்னா ரெண்டு ஓரத்துலயும் தொங்குன கேந்திச் சரம் மட்டுந்தான்.

மேடைக்குப் பின்னால துணிய விரிச்சு மூணு பையங்க தூங்கிட்டு இருந்தானுவ. ஒருத்தன எழுப்பிக் கேட்டேன். "ஓனர் இதத்தான்க்கா வண்டியில ஏத்தி விட்டாரு"ன்னான். பாவம், கையெல்லாம் கம்பி கீறல். அவன்கிட்ட என்ன சண்டை போட முடியும்?

அப்பாகிட்ட சொன்னேன். "முகூர்த்த நேரத்துல ஒண்ணும் பேசாதம்மா"ன்னு சொல்லிட்டு சாப்பாட்டு ஹால் வாசல்ல வச்சு மஞ்சப்பையில இருந்து 45 ஆயிரத்தையும் எச்சி தொட்டு எண்ணிக் கொடுத்தாவ. கார் நெல்லு அறுத்து வித்த துட்டு அது. ஆல்பம் பாக்கவங்க எல்லாரும் ஸ்டேஜ் சூப்பர்ங்காங்க. எனக்கு அந்தக் குங்குமந்தான் தெரியுது.

அம்பை தோப்புக்காரன்

எங்களுக்கு டெக்கரேஷனே வேண்டாம்னு முடிவு பண்ணுனோம், சொந்தத் தோப்பு இருக்கு, குலை வாழை ரெண்டு ஜோடி, இளநீர்க் குலை, வைகாசிங்கதால நுங்குக் குலையும் கிடைச்சுது, குருத்தோலை பின்ன சித்தப்பா இருக்காவ, பெறவு என்ன வேணும். டிராக்டர்ல ஏத்திக் கொண்டு போனா மண்டபத்து கேட்டுல நிறுத்திட்டாங்க. வெளி டெக்கரேஷன் உள்ள வரணும்னா 10 ஆயிரம் கட்டணுமாம். இது டெக்கரேஷன் இல்லய்யா, வாசல்ல கட்டுற வாழைன்னு சொல்லிப் பாத்தோம். ரசீதுக்குப் பின்னால பொடி எழுத்துல போட்டிருக்குன்னு எடுத்துக் காட்டுறான்.

முக்கா மணி நேரம் பேச்சு. அம்புட்டு நேரமும் எங்க மச்சினன் தோள்ல குலை வாழையத் தாங்கிட்டு கேட்டுல நின்னான், இறக்கி வச்சா இலை கிழிஞ்சிரும்னு. வாழைப்பால் ஒழுகி புதுசா எடுத்த வெள்ளைச் சட்டை தோள்பட்டையெல்லாம் கறை. கடைசியில 6 ஆயிரம் கட்டித்தான் உள்ள விட்டாங்க. வாழைக்கறை போகுமா? அந்தச் சட்டைய அவன் இப்ப தோப்பு வேலைக்குப் போட்டுட்டு வாரான், ஒவ்வொரு தடவ பாக்கும்போதும் வயிறு எரியுது.

சங்கரன்கோவில் பூ வேலை

நான் இந்தத் தொழில்ல 14 வருஷமா இருக்கேன். பாளை அக்கா எழுதினதப் படிச்சேன். குங்குமம் ஒட்டுன பூவத் துவைக்காம கொண்டு வந்தது தப்பு, துணிப்பூன்னு முன்கூட்டியே சொல்லாதது அதைவிடப் பெரிய தப்பு. அதுக்கு நான் வக்காலத்து வாங்கல. ஆனா அக்கா, அந்த போட்டோவுல உள்ள வேலை 85 ஆயிரத்துல நடக்காது, அதையும் யாராவது சொல்லணும்.

கணக்குப் போட்டுப் பாருங்க. மேடை 20 அடி அகலம், 10 அடி உசரம்னா 200 சதுர அடி. ரோஸ் சைஸ் பூவ இடைவெளி தெரியாம குத்தணும்னா சதுர அடிக்கு 40 பூ போகும். 8,000 பூ. ஒண்ணு 10 ரூபாய்னு வச்சாலே பூவுக்கு மட்டும் 80 ஆயிரம். கம்பி, ஃபோம், வண்டி வாடகை, லைட்டு, ராத்திரி முழுக்க நின்னு குத்துற ஆளு கூலி எதுவும் இதுல வரல. ரோஸ், ஜெர்பெராலாம் ஓசூர்ல இருந்து பெட்டியில வரணும், நல்ல முகூர்த்தம்னா விலை ரெண்டு மடங்கு. சரி, நம்ம பக்கத்து மல்லி, பிச்சி வச்சிரலாம்னா தையில பனிக்கு வரத்தே இருக்காது, மல்லி கிலோ 2,000 தாண்டி நான் எத்தனையோ தடவ வாங்கியிருக்கேன். தோவாளை பூச்சந்தைக்குப் போனாலும் அதே நிலைமைதான்.

இன்னொண்ணு, ரிசப்ஷன் முந்தின நாள் ராத்திரி, முகூர்த்தம் மறுநாள் காலையிலன்னா ஏசி இல்லாத ஹால்ல ஜெர்பெரா விடியுறதுக்குள்ள தலையத் தொங்கப் போட்டுரும். கேந்தி, கோழிக்கொண்டை, வாடாமல்லி தாங்கும். இதச் சொன்னா "கோயில் கொடைத் திருவிழா மாதிரி இருக்கும், வேண்டாம்"ங்காங்க. நாங்க என்ன செய்ய?

எனக்கு உறுத்துறது வேற. ஒரு ஆவணி முகூர்த்தம், 60 ஆயிரத்து வேலை, 25 பாக்கி. வேலைய முடிச்சுட்டு பாக்கிக்காக சாப்பாட்டு ஹால் வாசல்ல நின்னேன். முத பந்தி முடிஞ்சுது, ரெண்டு முடிஞ்சுது, யாரும் சாப்பிட்டியான்னு கேக்கல. கடைசிப் பந்தியில இலை எடுக்கும்போது மணி 3. பொண்ணோட சொந்தக்காரர் ஒருத்தர் வந்து, ஒரு பேனல்ல லைட்டு எரியலைன்னு 12 ஆயிரத்தப் பிடிச்சுட்டு மிச்சத்தைக் கொடுத்தாரு. லைட்டு எரியாததுக்குக் காரணம் மண்டபத்து பிளக் பாயின்ட்டு. அத அங்கனயே மாட்டிக் காட்டுனேன், அவரு திரும்பிக்கூடப் பாக்கல. பையங்க நாலு பேருக்கும் கூலி கொடுக்க அன்னைக்கு சாயங்காலம் மோதிரத்தை அடகு வச்சேன். அதுல இருந்து முந்தின நாள் ராத்திரியே முக்கால்வாசி துட்டு கைக்கு வரலைன்னா நான் பூவே இறக்குறதில்ல.

பணகுடி

ஆனி மாசக் காத்து எங்க ஊர்ல எப்படி அடிக்கும்னு இங்க யாருக்கும் சொல்ல வேண்டாம், கணவாய் வழியா வர்ற காத்துல காத்தாடி ஆலையே ஓடுது. இது தெரியாத ஒருத்தரை மதுரையில இருந்து பிடிச்சோம், 15 ஆயிரம் கம்மின்னு. ரோட்டு வாசல்ல 14 அடி ஆர்ச்சு, அதுக்கு மேல தெர்மாகோல்ல மாப்பிள்ளை பேரு பொண்ணு பேரு. அடியில மணல் மூட்டை வைங்கன்னு எங்க பெரியத்தான் மூணு தடவ சொன்னாவ, "எத்தனையோ ஊர்ல போட்டிருக்கோம் சார்"னுட்டாரு.

மாப்பிள்ளை அழைப்பு நேரம் ஆர்ச்சு பைய சாயுது. பெரியத்தான் ரெண்டு கையாலயும் கம்பியத் தாங்கிக்கிட்டு "பிள்ளைகளைத் தூக்குங்க, பிள்ளைகளைத் தூக்குங்க"ன்னு சத்தம் போட்டாவ. ஒருத்தருக்கும் அடி இல்ல, அத்தான் உள்ளங்கை மட்டும் கிழிஞ்சுது. ஆனா எழுத்தெல்லாம் பறந்து ரோட்டுல உருண்டு போச்சு, எம்மக பேருல முத எழுத்து ஒரு லாரி டயர்ல சிக்கி நொறுங்கிருச்சு. கூட்டத்துல இருந்த ஒரு பெரியம்மா "இது ஆகாதும்மா"ன்னு சத்தமா சொல்லிட்டாவ. எம்மக காதுல அது விழுந்துச்சு. அவ மூஞ்சி மாறுனத நான் பாத்தேன். கல்யாணம் முடிஞ்சு மூணு வருஷம் ஆகப்போகுது, நல்லா இருக்கா, ஆனா புருஷனுக்குக் காய்ச்சல்னா கூட எனக்கு போனப் போட்டு "அம்மா அன்னைக்கு அந்த எழுத்து"ன்னு ஆரம்பிக்கா. 15 ஆயிரம் கம்மின்னு பாத்தது நான்தான்.

வள்ளியூர் வாத்தியார்

சங்கரன்கோவில் நண்பரே, முந்தின நாளே முக்கால்வாசி துட்டு வேணும்னா பாளை அக்கா மாதிரி ஆளுங்க என்ன பண்ணுவாங்க? மொத்தத்தையும் கொடுத்துட்டு காலையில துணிப்பூவப் பாத்துட்டு நிக்கவா? உங்களுக்கு ஒருத்தர் செஞ்ச தப்புக்கு எல்லார் தலையிலயும் கைய வைக்கக் கூடாது. பாதி அட்வான்ஸ், கால் பங்கு மேடை வேலை முடிஞ்சதப் பாத்துட்டு, மிச்சம் தாலி கட்டுன உடனே, பந்திக்கு முன்னால. இது ரெண்டு பக்கத்துக்கும் ஞாயம்.

எங்க அனுபவம் பெருசா ஒண்ணுமில்ல, சர்ச் கல்யாணம், பெஞ்சு ஓரத்துல பூங்கொத்து கட்ட வந்தவங்க ஆணி அடிச்சுட்டாங்க, 100 வருஷத்துத் தேக்கு, பாஸ்டர் ஐயர் முன்னாடி தலையைக் குனிஞ்சுட்டு நின்னேன்.

ஆனா புதுசா கல்யாணம் வைக்கவங்களுக்காக சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. முதல்ல மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்குறதுக்கு முன்னாலயே ரசீதுல பின்பக்கத்தைப் படிங்க, அம்பைக்காரருக்கு நடந்தது அங்கதான் இருக்கு. சில மண்டபத்துல அவங்க ஆளு தவிர யாரும் மேடையில கை வைக்கக் கூடாதும்பாங்க, அப்படின்னா அவங்க டெக்கரேஷன் ரேட்டையும் சேத்துத்தான் மண்டப வாடகைய ஒப்பிட்டுப் பாக்கணும். டெக்கரேஷன் லைட்டு பூராவும் மண்டபத்துக் கரண்டுலதான் எரியும், அந்த யூனிட் காசு நம்ம தலையிலதான் விழும், ராத்திரி பூரா எரியவிட்டா பில்லு பாத்து மயக்கம் வரும், அதனால ரிசப்ஷன் முடிஞ்ச உடனே அணைக்க ஒரு ஆளச் சொல்லி வைங்க. ஜிஎஸ்டி பில்லு தரவங்களா இருந்தா பேசுன ரேட்டு வரியச் சேத்தா சேக்காமலான்னு அன்னைக்கே கேளுங்க, 1 லட்சம்னு பேசிட்டு கடைசியில 18 சதவீதம் மேல போட்டா அந்த 18 ஆயிரத்துக்கு எங்க போவீங்க. போட்டோ காட்டுனா அந்த போட்டோவையே பிரின்ட் போட்டு எது நிஜப் பூ, எது துணிப்பூ, எத்தனை அடின்னு அதுமேலயே பேனாவால எழுதி கையெழுத்து வாங்கிருங்க. அவங்க போட்ட கல்யாணம் ஒண்ணு அடுத்த முகூர்த்தத்துல எங்க நடக்குதுன்னு கேட்டு காலையில 6 மணிக்குப் போயி நேர்ல பாருங்க, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க, ஒரு டீயக் குடிச்சுட்டு வாங்க. நகை, சாப்பாடு, மண்டபம் மூணுக்கும் ஒதுக்கிட்டு மிஞ்சுறதுலதான் மேடை, மேடைக்காக யாரும் வட்டிக்கு வாங்காதீங்க.

சிந்துபூந்துறை

வாத்தியார் சொன்னதெல்லாம் சரி. நான் சொல்லப்போறது அதுல அடங்காது.

2023 டிசம்பர் 17, 18 மழை. எங்க அண்ணன் கல்யாணம் 2024 தையில. டெக்கரேஷன்காரர் குடோன் ஆத்துக்குப் பக்கத்துலதான், 30 ஆயிரம் அட்வான்ஸ் கொடுத்திருந்தோம். தண்ணி வடிஞ்சு நாலாம் நாள் நானும் அண்ணனும் போனோம். அவரப் பாத்து ஆறுதல் சொல்லப் போகல, துட்டத் திருப்பிக் கேக்கப் போனோம்.

அவரும் அவரு வீட்டுக்காரம்மாவும் ரோட்டுல உக்காந்து மெரூன் வெல்வெட் துணிய அண்டாவுல அலசிட்டு இருந்தாங்க. எத்தனை தண்ணி மாத்தியும் சேறு வந்துட்டே இருக்கு. ஃபைபர் பிள்ளையார் ஒண்ணு சுவர்ல சாஞ்சு கிடந்தாரு, தும்பிக்கை வரைக்கும் சேறு. நாங்க வாயத் திறக்குறதுக்கு முன்னாலயே அவரு எந்திரிச்சு உள்ள போயி ஒரு தாம்பாளத்தக் கொண்டு வந்தாரு. அதுல நோட்டக் காயப் போட்டிருந்தாரு. 11 ஆயிரம் இருந்துச்சு. "இப்போதைக்கு இவ்வளவுதான் தம்பி"ன்னாரு. நாங்க வாங்கிக்கிட்டோம். அத எழுதவே கை கூசுது. ஈரம் போகாத நோட்டு, பாக்கெட்டுல வச்ச இடம் சட்டையில நனைஞ்சுது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் யாரும் கூப்பிடாம ஒரு லோடு ஆட்டோவுல வந்து இறங்குனாரு. சேரன்மாதேவி பக்கம் ஒரு தோப்புல இருந்து குருத்தோலை, தென்னம்பாளை. கூட ஒரே ஒரு வயசான ஆளு. ராத்திரி முழுக்க ரெண்டு பேருமா உக்காந்து ஓலையில கிளி, சக்கரம், தோரணம்னு பின்னி மணவறை மொத்தத்தையும் ஓலையாலயே கட்டிட்டாங்க. காலையில ஹால் பூரா பச்சை ஓலை வாசம். "மிச்சம் 19 ஆயிரத்துக்கு வேலை தம்பி, கணக்கு நேராயிருச்சு"ன்னு சொன்னாரு. அண்ணன் துட்டு கொடுத்தான், வாங்கல. சாப்பிட்டுட்டுப் போங்கன்னு இலை போட்டு உக்கார வச்சோம், அது மட்டும் செஞ்சோம்.

பாளை அக்கா

எல்லாத்தையும் படிச்சேன். சங்கரன்கோவில் அண்ணாச்சி, 8,000 பூ கணக்க அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டுனேன், "அன்னைக்கே இத யாராவது சொல்லியிருந்தா கேந்தியே போதும்னுருப்பேனே"ன்னாவ. வர்ற ஆவணியில தம்பிக்கு கல்யாணம், கேந்தியும் கோழிக்கொண்டையும்தான், முடிவு பண்ணியாச்சு. சிந்துபூந்துறை தம்பி, அந்த ஓலை வேலை பாக்கவர் இப்பவும் செய்யுதாரான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. மண்டபத்துல நேத்து போயி ரசீது பின்பக்கம் படிச்சுட்டேன், வெளி ஆளுக்கு 5 ஆயிரம்னு போட்டிருக்கு. வாசல் வாழைக்கு அது கிடையாதுன்னு மேனேஜர் கைப்பட எழுதித் தந்தப் பெறவுதான் அப்பாவ அட்வான்ஸ் எடுக்க விட்டேன்.