பிள்ளைக்குத் தமிழ் எழுத்தா? அ-விலிருந்து ஆரம்பிக்காதீங்க

புது ஊருக்குக் குடிவந்தவங்களுக்கு வீடு, வங்கிக் கணக்கு, பள்ளிச் சேர்க்கை எல்லாம் முடிஞ்சதும் அடுத்து வர்ற கேள்வி இதுதான்: "நாலு வயசாகுது. பள்ளியில ஆங்கில எழுத்து ஆரம்பிச்சுட்டாங்க. இப்போ தமிழும் சொல்லிக் கொடுத்தா குழம்பிடுவானா?"

குழம்ப மாட்டான். நாம கொடுக்கிற வரிசைதான் பிள்ளையைப் படுத்துது. சுழி, வளைவு, நேர்கோடு எல்லாம் ஒரே எழுத்துல இருக்கிற அ-வை முதல் நாளே எழுதச் சொன்னா பென்சில் பறக்கத்தான் செய்யும். அ, ஆ, இ, ஈ வரிசை வாய்ப்பாட்டா இருக்கட்டும், பாடட்டும். கைக்கு முதல்ல ட.

ட ஒரு கோடு கீழே, ஒரு கோடு பக்கத்துல. அதையே மேலே தூக்கினா ப. ப-வோட வலப்பக்கம் வளைஞ்சா ம. கூட ர-வையும் மெய்ப்புள்ளியையும் சேர்த்துக்கோங்க. இந்த நாலு எழுத்துல படம், மரம், பட்டம், ரம்பம், பம்பரம் வரைக்கும் வாசிக்கலாம்! பிள்ளை தானா ஒரு சொல்லை வாசிச்சிடுச்சுன்னா அப்புறம் நீங்க கெஞ்ச வேண்டியதில்லை. அடுத்து ஒரு கால் போட்டா பாப்பா, மாமா, டாட்டா.

247 எழுத்துன்னு கேட்டு மலைக்காதீங்க. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. மிச்சம் 216-ம் உயிர்மெய். அதுல பெரும்பாலானது அடையாளம் தெரிஞ்சா தானா வர்றது. இழுபறி ரெண்டு இடத்துலதான். கு, சு, டு, மு வரிசையில ஒரே விதி கிடையாது, அதைக் கடைசிக்குத் தள்ளுங்க. கெ, கே, கை-யில கொம்பு முன்னாடி நிக்குது, ஓசை பின்னாடி வருது. இதை விளக்கப் போனா நமக்கே தலை சுத்தும். முழு எழுத்தாவே காட்டிப் பழக்கிடுங்க.

வாசிப்பு முன்னாடி போகட்டும், எழுத்து பின்னாடி வரட்டும். விரல் பலம் வராத வயசுல கோடு போட்ட நோட்டு வேண்டாம். காத்துல, மணல்ல, ஈரத் துணியால தரையில பெருசா எழுதட்டும். உடைஞ்ச கிரேயான் துண்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க. அது சின்னதா இருக்கிறதால விரல் நுனியால பிடிச்சே ஆகணும், பென்சில் பிடி தானா வந்துடும். இடது கையில எழுதினா மாத்தவே மாத்தாதீங்க.

ஆங்கிலத்துல ஒண்ணே ஒண்ணு. ஃபோனிக்ஸ் முறையில நடத்துற பள்ளின்னா எழுத்தோட பேரைவிட ஓசைக்குத்தான் முதலிடம், அதுவும் பெரும்பாலும் சின்ன எழுத்துல. நீங்க வீட்டுல பெரிய எழுத்துல ஏ, பி, சி ஒப்பிக்க வைச்சுக்கிட்டிருந்தா ரெண்டும் மோதும். டீச்சர்கிட்ட அவங்க வரிசையைக் கேட்டு வாங்கிக்கோங்க. b-யையும் d-யையும் திருப்பிப் போடுறது ஆறு, ஏழு வயசு வரைக்கும் சகஜம். அதுக்கு யாரும் பயப்பட வேணாம்.

தாத்தா பாட்டி வீடியோ கால்ல எழுதிக் காட்டுறாங்களா? 1978-ல தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டு வர்றதுக்கு முன்னாடி படிச்சவங்க லை, னை, ணா, றா எல்லாத்தையும் பழைய வடிவத்துல எழுதுவாங்க. முன்கூட்டியே அவங்ககிட்ட சொல்லி வைங்க, புது வடிவத்துலயே எழுதிக் காட்டிடுவாங்க.